நைசு

கொல்லிமலை அடிவாரத்தில் தில்லைநாயகி என்றொரு வைத்தியர் இருந்தார். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஏகாம்பரம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பு நிலத் தரகர். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையைக்கூடப் பேசியே தள்ளிவிடுவார். ஊரில் அவருக்கு 'நைசு ஏகாம்பரம்' என்றே பெயர். அந்தப் பெயர் உறுத்தத் தொடங்கிய ஒரு நாளில், இனி யாரையும் நைஸ் பண்ணுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு இங்கே வந்து, மருந்து அரைக்கும் கல்வத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் சேலத்திலிருந்து வந்த வைத்தியர் ஒருவர், "புது ஆள் எப்படி?" என்று கேட்டது சன்னல் வழியாக ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது.

"நைசு. இப்படியொரு நைசை நான் பார்த்ததே இல்லை" என்றார் தில்லைநாயகி.

ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு மாதமாக வாயைத் திறக்காமல் அரைத்தும் கண்டுபிடித்துவிட்டார்களே!

மறுநாள் காலை துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு விடைபெற வந்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் அங்கப்பனை அவர் மனைவி கைத்தாங்கலாக இறக்கினாள். தொண்டை முழுக்கப் புண். நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

தில்லைநாயகி, ஏகாம்பரம் அரைத்து வைத்திருந்த சூரணத்தைத் தேனில் குழைத்து நீட்டினார். அங்கப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"முழுங்கித் தொலைங்களேன்!" என்று மனைவி கத்தினாள். ஆட்டோக்காரர் தாடையைப் பிடித்து அழுத்தினார். மருந்து பாதி கொட்டியது.

"ஏகாம்பரம், நீங்க பேசிப் பாருங்க" என்றார் தில்லைநாயகி.

"வேண்டாங்கம்மா. யாரையும் நைஸ் பண்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப அந்தச் சத்தியத்தை அவர் தொண்டையில ஊத்தலாமா?"

ஏகாம்பரம் பையைக் கீழே வைத்தார். அங்கப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, வலிக்கும். வலிக்காதுன்னு சொன்னா அது பொய். மலையில எத்தனை வளைவுங்க?"

அங்கப்பன் ஏழு விரலைக் காட்டி, காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"எழுபதா! அத்தனையும் ஒரே மூச்சுல இறக்குவீங்களா?"

தலை இல்லையென்று ஆடியது.

"இதுவும் அப்படித்தான். முதல் வளைவு மட்டும் இறக்குவோம். பிரேக் உங்ககிட்டதான். நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

வாய் கொஞ்சம் திறந்தது. ஏகாம்பரம் விரல் நுனியளவு மருந்தை நாக்கில் வைத்தார். அங்கப்பன் கண்ணை இறுக மூடி விழுங்கினார். பிறகு ஆச்சரியமாகக் கண்ணைத் திறந்து, அடுத்தது என்று கை காட்டினார்.

கிண்ணம் காலியானது. சற்றுப் பொறுத்து அரை டம்ளர் கஞ்சியும் உள்ளே போனது. மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்தி, அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆட்டோ போனதும் ஏகாம்பரம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, நேத்து நைசுன்னு சொன்னீங்களே... என்னையா, நான் அரைச்ச மருந்தையா?"

தில்லைநாயகி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ரெண்டுல எது கரகரன்னு இருந்திருந்தாலும் அவருக்கு இறங்கியிருக்காதே, ஏகாம்பரம்."