தாழிப் பல்லின் சாட்சியம்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் விதி இல்லை. சீடரைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தக் கதையின் குரு டாக்டர் எஸ்தர் ஜெபமலருக்கு முப்பத்தொன்பது வயது. சீடர் அறவாழிக்கு நாற்பத்தாறு. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர். சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார். குருகுலம் குறைவின்றி நடந்தது.

குருகுலம் என்பது பல்கலைக்கழகத்தின் மாடியில் ஓர் ஆய்வகம். மண்ணில் கிடைத்த எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் மரபணுவைப் பிரித்துப் படிப்பது அங்கே தொழில். பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. அங்கே ஆளே போய், பல் மட்டும் மிஞ்சி, அதனிடம் சொல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறவாழிக்கு இன்னொரு குருகுலமும் இருந்தது. அதில் அவரே குரு. இணையத்தில் 'மரபணு முரசு' என்ற பெயரில் எழுதினார். அறுபதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். இந்த மண்ணுக்கு யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர், யாருக்கு எந்தச் சலுகை நியாயம் என்று எது கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. நான்கு மேற்கோள், இரண்டு வரைபடம், கடைசியில் ஒரு குத்தல். நன்றாகவே எழுதுவார். அது அவருக்கும் தெரியும்.

எதிரி ஒருவரும் வாய்த்திருந்தார். அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சும்மா சொல்றேன்'. ஊர் தெரியாது, முகம் தெரியாது. அறவாழி நாற்பது வரி எழுதினால் அவர் ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்கு லைக் அதிகம் விழும். அறவாழியால் வேறு எதையும் பொறுத்துக்கொள்ள முடியும்.

அந்தச் சமயத்தில் அரசு ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. ஏரிக்கரைகளில் குடியிருப்போரில் பூர்வீகக் குடிகளுக்கு மட்டும் வீட்டுப் பட்டா. யார் பூர்வீகம் என்பதை எச்சில் சோதனை சொல்லும். எச்சிலை எதனோடு ஒப்பிடுவது? அந்த வட்டாரத்தில் பழங்காலத்தில் வாழ்ந்த ஒருவரின் மரபணு கிடைத்தால் அதுவே அளவுகோல்.

அறவாழி மகிழ்ந்துபோனார். "இனி தாசில்தார் முடிவு செய்ய வேண்டாம், அறிவியல் முடிவு செய்யும்" என்று எழுதினார்.

'சும்மா சொல்றேன்' கேட்டார்: "அளவுகோல் எங்கண்ணே? பல்லைக் காட்டாம ஆதாரத்தைக் காட்டுங்க."

காட்டுவதற்கு அறவாழியிடம் நிஜமாகவே ஒரு பல் இருந்தது.

அதே வட்டாரத்தில் தோண்டிய முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்து எடுத்த கடைவாய்ப் பல். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழசு. அதைத் துளைத்துத் தூளெடுத்து, மரபணுவைப் பிரித்தவர் அறவாழியேதான். விடையும் வந்துவிட்டது. அன்றைக்கே எழுதினார்: "தாழிப் பல்லின் முடிவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதாரம் வரும். பட்டாத் திட்டத்தை வகுக்கும் அரசுக் குழுவுக்கும் அதுவே போகும்."

ஆய்வகத்தின் பெயரில் எது வெளியே போனாலும் எஸ்தரின் கையெழுத்து வேண்டும். செவ்வாய்க்கிழமை அறவாழி அவர் அறைக்குப் போனார்.

"ஒரு கையெழுத்து வேணும் மேடம்."

எஸ்தர் தாளை வாங்கிப் படித்தார். கால்புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவர்.

"ரொம்பத் தெளிவா இருக்கே சார்."

"ஆமா மேடம்!"

"இவ்வளவு பழைய பல்லு இவ்வளவு தெளிவாவா பேசும்?"

"தாழி நல்ல தாழி மேடம். மூடி அசையவே இல்ல."

"பிளாங்க் வச்சீங்களா?"

பிளாங்க் என்பது வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய். பல்லுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். தண்ணீருக்கு மூதாதையர் கிடையாது. ஆகவே அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் பேசினால் பல் பேசியதை நம்பக் கூடாது.

"வச்சேன் மேடம். அதைத்தான் முதல்ல முடிச்சு மூடினேன். சுத்தமா இருந்துச்சு."

"நம்மகிட்ட இருக்கிற மரபணுவுல யாரோட பொருந்துது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அறவாழி வந்ததிலிருந்து காத்திருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னோட."

"உங்களோட."

"எழுத்துக்கு எழுத்து மேடம்! சேரும்போது எல்லார்கிட்டயும் எடுத்து வச்சோமே, அதோட ஒப்பிட்டுப் பார்த்தேன். தாய்வழி அப்படியே. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துல ஒரு எழுத்து மாறல. தாழிக்குள்ள இருக்கிறது எங்க ஆளு. இதைவிட என்ன வேணும்?"

ஆய்வகத்தில் சேருகிற எல்லாரிடமும் எதற்காக மரபணு எடுத்து வைக்கிறார்கள் என்று முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவர் இதே அறவாழிதான். அன்று அது அவருக்கு நினைவு வரவில்லை. பெருமை வந்து உட்கார்ந்தால் பாடம் எழுந்து இடம் விட்டுவிடும்.

எஸ்தர் சிரிக்கவில்லை. அது எளிதான காரியம் அல்ல.

"வெள்ளிக்கிழமைக்கு நேரம் இருக்கு. இன்னொரு தரம் செஞ்சிடுங்க சார்."

"மேடம், அறுபதாயிரம் பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"தாழில இருக்கிறவரு அதைவிட அதிக நாளா காத்துக்கிட்டிருக்காரு."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மூன்று சிறு குழாய்கள். ஒன்றில் சிவப்புப் பொட்டு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை. பல் தூளைக் கரைத்தெடுத்த நீரும் வெறும் நீரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"இந்த மூணுல எதுல அவர் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. இருக்காரான்னு மட்டும் பாருங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. அறவாழி பிற்பாடு இந்த வாக்கியத்தைப் பலமுறை புரட்டிப் பார்த்தார். ஓட்டை அகப்படவில்லை.

அவர் கிளீன் ரூமுக்குள் போனார். பழைய மரபணுவில் வேலை செய்பவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொள்வது தங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல. செத்தவரைத் தங்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக. அறவாழியும் அங்கி, தொப்பி, இரட்டைக் கையுறை, முகக்கவசம் எல்லாம் அணிந்தார். நேரம் பார்ப்பதற்காகக் கைபேசியை ஓர் உறைக்குள் போட்டுத் துடைத்து எடுத்துப்போக அனுமதி உண்டு. எடுத்துப்போனார்.

சிவப்பை முடித்து மூடினார். மஞ்சளையும் பச்சையையும் திறந்தார். கைபேசி அதிர்ந்தது.

"தாழில இருக்கிறது எங்க ஆளாச்சே, வெள்ளிக்கிழமை வரப்போறது பல்லா, பல் செட்டாண்ணே?"

கீழே ஓர் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

கையுறையோடு தட்டச்சு செய்ய முடியாது. ஆனால் பேசினால் கைபேசி எழுதிக்கொள்ளும். கவசத்தோடு பேசினால் அது பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறது. ஆகவே அறவாழி வழக்கம்போலக் கவசத்தை மோவாய்க்கு இறக்கினார். பேசினார். மேற்கோள் நான்கும் வந்தன. அவருடைய சிறந்த பதிவுகளில் அதுவும் ஒன்று. வல்லினம் மிக வேண்டிய இடத்திலெல்லாம் மிகுந்தது.

பிறகு கவசத்தை ஏற்றிக்கொண்டு, திறந்திருந்த இரண்டு குழாய்களிலும் வேலையைத் தொடர்ந்தார்.

வியாழக்கிழமை நண்பகல் முடிவு வந்தது. அறவாழி படியில் ஓடினார்.

"மேடம்! சிவப்பு பிளாங்க். சரியா?"

"சிவப்புல தண்ணி."

"எனக்குத் தெரியும்! மஞ்சள்ல அவர் இருக்காரு. பச்சையிலயும் இருக்காரு. அதே ஆளு, எழுத்துக்கு எழுத்து. இப்பவாவது கையெழுத்து போடுங்க."

எஸ்தர் பேனாவை எடுக்கவில்லை.

"மஞ்சள்லயும் தண்ணிதான் சார்."

அறவாழி உட்கார்ந்தார்.

"பச்சை?"

"அதே பாட்டில்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ எதையோ உருட்டினார்கள்.

"பல்லு?"

"பெட்டியில இருக்கு. நான் எடுக்கவே இல்ல."

எஸ்தர் கேட்டார்: "உள்ள யார்கிட்டயாவது பேசினீங்களா?"

உள்ளே யாரும் இல்லை என்று சொல்ல அறவாழி வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. கை தானாக மோவாயைத் தொட்டது.

"போன தடவையும் பேசினேன்" என்றார். "பிளாங்கை மூடின அப்புறம்."

எஸ்தர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்ப நான் மூதாதைன்னு நினைச்சது என் எச்சில்."



அறவாழி கணக்காசிரியரைப்போல அடுத்த படிக்குப் போனார். "அதை அளவுகோல்னு அரசுக்கு அனுப்பியிருப்பேன். அவங்க ஏரிக்கரை சனங்க எச்சிலை எடுத்து என் எச்சிலோட வச்சுப் பார்த்திருப்பாங்க. எனக்குச் சொந்தம்னு வந்தவங்களுக்குப் பட்டா. வராதவங்களுக்கு…" நிறுத்தினார். "புல்டோசர்."

"ஆமா."

"நீங்க செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா?"

அறவாழி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "நாலு மேற்கோள் காட்டியிருப்பேன்" என்றார்.

அப்போதுதான் எஸ்தர் சிரித்தார். ஆனால் அறவாழி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்காக அங்கே ஒரு கூட்டமே கூடிவிட்டிருந்தது. 'தலைவரே வெயிட்டிங்', 'நாளைக்கு இருக்கு கச்சேரி', 'எதிரிகளுக்குச் சங்கு.'

"இயந்திரக் கோளாறு, முடிவு தாமதமாகும்னு போட்டா யாருக்கும் தெரியாது" என்றார், பாதி தனக்குத்தானே.

"தெரியாது" என்றார் எஸ்தர். "அப்படியும் போடலாம்."

சொல்லிவிட்டு வேறொருவரின் ஆய்வேட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அவர் தடுத்திருந்தால் அறவாழி வாதாடியிருப்பார். வாதாட ஆள் இல்லாத அறையில் அவருக்குக் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு முறை எழுதி அழித்தார். மூன்றாவதை அழிக்கவில்லை. எழுந்து நின்று படித்துக் காட்டினார்.

"தாழிப் பல்லின் முடிவு என்று நான் அறிவித்தது பல்லின் முடிவு அல்ல. வேலை செய்யும்போது முகக்கவசத்தை இறக்கிவிட்டு இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தெறித்த என் எச்சில் அது. அதை யாரும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். எச்சிலைப் பார்த்துப் பட்டா கொடுக்கலாம் என்று நான் எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். ஒரு குழாய் தண்ணீரில் மூதாதையைக் கண்டவன் நான். மற்றவர்களின் வீடு என் கையில் இருக்கக் கூடாது. இப்படிக்கு அறவாழி."

மேற்கோள் இல்லை. வரைபடம் இல்லை. முரசும் இல்லை; சொந்தப் பெயர். அவர் எழுதியவற்றிலேயே சிறியது அதுதான்.  முதுகு எப்போது நிமிர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அதுக்குக் கீழ என் பேரையும் போடுங்க சார்."

"உங்க பேரு எதுக்கு மேடம்? தப்பு என்னோடது."

"தப்புக்கு இல்ல. நாலு வருஷமா இந்த ஆய்வகத்துல இருக்கீங்க. உங்க எழுத்துக்குக் கீழ என் பேரு இருக்கணும்னு இன்னிக்குத்தான் ஆசையா இருக்கு."

அறவாழி பெயரைச் சேர்த்தார். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கொடுத்த வாக்குத் தவறாமல், பதிவு வந்தது. குழுவுக்கும் அதுவே போனது. பட்டா வரைவில் இருந்த எச்சில் சோதனையை இப்போதைக்கு நிறுத்திவைத்திருப்பதாகக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அறவாழிக்கு அவர் நன்றி சொன்னார். குரலில் நன்றி அதிகம் இல்லை.

இணையத்தில் அன்று வேறு வேலை நடக்கவில்லை. 'துரோகி' என்றார்கள். 'எவ்வளவு வாங்கினீங்க?' என்றார்கள். 'அண்ணே, நீங்களுமா?' என்று ஒருவர் அழுதார். பின்தொடர்வோர் எண்ணிக்கை அறவாழியின் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எஸ்தரின் அறையில், அதே நாற்காலியில், நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார்.

பிறகு 'சும்மா சொல்றேன்' வந்தார்.

"அப்ப ஜெயிச்சது நான்தானே அண்ணே? தாழில இருந்தது எங்க ஆளுன்னு நான் முதல்லயே சொன்னேன்."

அறவாழியின் காது சிவந்தது. கட்டைவிரல் துடித்தது.

"மேடம், மத்ததெல்லாம் விட்டுடறேன். இதுக்கு மட்டும் ஒரு பதில். ஒரே ஒரு வரி. என்ன எழுதலாம்?"

எஸ்தர் எழுந்து, குளிர்பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டார்.

"பல்லுல பாதி மிச்சம் இருக்கு சார். அவர் இன்னும் வாயே திறக்கல."