மேஜைமேல் வைத்த செருப்பு

"மேடம், ஒரு கையெழுத்து வேணும்" என்றார் நல்லதம்பி.

டாக்டர் நல்லதம்பிக்கு வயது நாற்பத்திரண்டு. பதினான்கு வருடம் கிராமத்து சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகுதான் பாத மருத்துவம் படிக்க வந்தார். மூன்று வருட ரெசிடென்சி இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் மெகருன்னிசா அவரைவிட இரண்டு வயது இளையவர். அதனால் மாணவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை மாணவரை சார் என்பார்.

"எதுக்கு சார் கையெழுத்து?"

"சென்னையில ஒரு வருஷ ஃபெல்லோஷிப் இருக்கு. உங்க சிபாரிசு இல்லாம அப்ளிகேஷனையே வாங்க மாட்டாங்க."

"போய் என்ன கத்துக்கப் போறீங்க?"

"நிறைய இருக்கு மேடம். கூடப் படிச்சவன்லாம் பேருக்குப் பின்னாடி ரெண்டு வரிக்குப் பட்டம் போட்டுக்கிறான். வீட்டுல என்னடான்னா, எப்பதான் படிச்சு முடிப்பீங்கன்னு கேக்குறா. எனக்கே ஒண்ணும் புரியல. போகணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க."

"உங்களுக்கு என்ன தெரியாது?"

நல்லதம்பி மடமடவென்று சொன்னார். விரல் எடுக்கத் தெரியும். புண்ணைச் சுத்தம் செய்யத் தெரியும். தோல் ஒட்டத் தெரியும். ரத்த ஓட்டம் பார்க்கத் தெரியும்.

"தெரிஞ்சதைக் கேக்கல சார்."

நல்லதம்பிக்குக் கோபம்தான் வந்தது.

"கடைசித் தேதி எப்போ?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அப்போ அவசரமில்ல. இருளாண்டி கேஸைச் சொல்லுங்க."

இருளாண்டி பஸ் கண்டக்டர். பதினேழு வருடமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப்போனவை. வலது கட்டைவிரலுக்கு அடியில் ஐந்து மாதமாக ஒரு புண். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் ஆறும். டூட்டிக்குப் போனால் பத்தே நாளில் திரும்பத் திறந்துகொள்ளும். இப்படி மூன்று தடவை ஆகிவிட்டது.

"எல்லாம் பாத்துட்டேன் மேடம். ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. சீழ் எலும்புக்குப் போகல. சர்க்கரை கட்டுல இருக்கு. ஆள் என்கிட்ட எதையோ மறைக்கிறாரு. மறுபடியும் சீழ் வச்சு மேல ஏறிட்டா பாதமே போயிரும். வர்ற திங்கட்கிழமை விரலை எடுத்துடலாம்னு எழுதிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"கட்டைவிரல் இல்லாம ஓடுற பஸ்ல எப்படி சார் நிப்பேன்னு அழுதாரு. இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்காம்."

மெகருன்னிசா எழுந்து வெளியே போனார். வாசலில் கழற்றி விட்டிருந்த தன் செருப்புகளைக் கையில் எடுத்து வந்தார். மேஜைமேல் விரித்திருந்த இருளாண்டியின் கேஸ் ஷீட்டின்மேல் அவற்றை வைத்தார்.

பிறகு வெறுங்காலோடு வார்டுக்குப் போய்விட்டார்.

அறையில் இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். அதுதான் நல்லதம்பியைக் கொன்றது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. எழுத்து இருக்கும் தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். அந்தச் செருப்புகளைச் செய்தித்தாளில் சுருட்டித் தன் அலமாரியில் போட்டுப் பூட்டினார். ஏன் பூட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு வாரம் அவர் மேடத்தோடு பேசவில்லை. மேடம் வேறு செருப்பு வாங்கிக்கொண்டார். அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது.

இருளாண்டி வாசலில் நின்று குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூப்பிடப் போன நல்லதம்பி கதவருகே நின்றார். கட்டைவிரலுக்கு வளையம் வைத்த பழைய தோல்செருப்பு. வலது செருப்பில் வளையத்துக்குக் கீழே, விரல் அழுந்தும் இடத்தில், கறுப்பாக ஒரு கறை.

மேஜைமேல் இருந்த செருப்புகள் அவருக்கு ஞாபகம் வந்தன.

அத்தனை நோயாளிகளுக்கு நடுவே டாக்டர் நல்லதம்பி தரையில் குத்தவைத்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்தார்.

"ஐயையோ சார்! அதைப் போய்க் கையில தொட்டுக்கிட்டு!"

நல்லதம்பி கறை இருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சுருக்கென்றது. விரலை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம்.

"இதுல எப்போ ஆணி அடிச்சீங்க?"

"வார் அறுந்துச்சு சார். தைப்பூசத்தப்போ. அடிச்சுக் குடுத்ததுல இருந்து நல்லா உழைக்குது."

"குத்தலையா?"

"இல்லையே சார்!"

தைப்பூசம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நல்லதம்பி நிமிர்ந்தார். தலைக்கு மேலே சுவரில் பலகை தொங்கியது: 'காலணிகளை வெளியே விடவும்.' மூன்று வருடத்துக்கு முன்னால், சேர்ந்த முதல் வாரத்தில், சுத்தம் முக்கியம் என்று அவரே எழுதி மாட்டவைத்த பலகை. அன்றிலிருந்து ஆயிரக்கணக்கான பாதங்கள் அவர் முன்னால் வந்துவிட்டன. ஒரு செருப்புகூட வந்ததில்லை.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "ஆபரேஷன் கேன்சல்! ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டாங்க!"

பலகையை அவரே கழற்றினார். மறுநாள் அங்கே வேறு பலகை தொங்கியது: 'செருப்போடு உள்ளே வரவும்.'

இருளாண்டிக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் புண் மூடியது. டூட்டிக்குப் போனார். பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாளும் ஆயிற்று. புண் திறக்கவில்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நல்லதம்பி மேடத்தின் அறைக்குப் போனார். ஒரு கையில் அப்ளிகேஷன். இன்னொரு கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"மேடம், கையெழுத்து வேணும்."

"உங்களுக்கு என்ன தெரியாது?"

"நடக்கிற கால் தெரியாது மேடம்! மூணு வருஷமா படுத்திருக்கிற காலைத்தான் பாத்திருக்கேன். எந்த எலும்பு சாஞ்சா எங்க அழுத்தும், எங்க அழுத்தினா எங்க புண்ணாகும், ஒரு மண்ணும் தெரியாது. அன்னைக்கு ஆணி இருந்துச்சு, புடுங்கிட்டேன். ஆணியே இல்லாம புண்ணாகுற காலுக்கு என்ன செய்யணும்னு எனக்குச் சுத்தமா தெரியாது!"

தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன டாக்டரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெகருன்னிசா கையெழுத்துப் போட்டார்.

"போகணுமா வேண்டாமான்னு கேக்கலையே சார்?"

நல்லதம்பி யோசித்தார். அட, ஆமாம். கேட்க மறந்தேபோயிருந்தது.

"செருப்பைக் குடுங்க" என்றார் மெகருன்னிசா. "புதுசு கடிக்குது."

ஃபெல்லோஷிப்பில் இடம் கிடைத்து, பெட்டியோடு கிளம்பிய அன்று நல்லதம்பி ஆஸ்பத்திரி வாசலில் மதுரை பஸ்ஸுக்குக் கை காட்டினார். நின்ற பஸ்ஸில் கண்டக்டர் இருளாண்டி. பெட்டியை அவரே குதித்து இறங்கி வாங்கி மேலே வைத்தார்.

"எங்க சார் பயணம்?"

"மதுரை போய், அங்கிருந்து சென்னைக்கு. படிக்க."

"இவ்வளவு பெரிய டாக்டரு, இன்னும் என்னத்த சார் படிக்கப் போறீங்க?"

"உங்க காலைத்தான்."

இருளாண்டி வாய்விட்டுச் சிரித்தார். வலது காலைப் படியில் ஊன்றி, முழு எடையையும் அதன்மேல் போட்டு, விசிலை இரண்டு தடவை ஊதினார்.

"போலாம் ரைட்!"