மொட்டுக்கு வந்து சேர்ந்த பை

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு. குரு சிஷ்யரை ‘சார்’ என்று கூப்பிடுவார், சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்று கூப்பிடுவார். பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் இப்படி ஒரு குரு சிஷ்ய உறவு அது ஒன்றுதான்.

சிஷ்யர் சந்தியாகு துறையூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உயிரியல் வாத்தியார். வாரத்தில் ஐந்து நாள் அங்கே பாடம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, திருச்சியில் இன்னொன்று மாறி, பல்கலைக்கழகத்தில் டாக்டர் உமையாளின் ஆய்வகத்துக்கு வந்து சேருவார். பகுதி நேர ஆய்வு மாணவர். ஏழு வருஷமாக இதே பாடு.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, அதுதான் அவருடைய ஆய்வு. ஈஸ்ட் செல் மொட்டு விட்டுத்தான் பெருகும். தாய் செல் தன் சேமிப்புப் பையில் ஒரு பங்கை மொட்டுக்கு அனுப்பி வைக்கும். செல்லுக்குள் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அந்த இழை மேல் ஒரு மோட்டார் புரதம் இரண்டு கால்களால் அடி மேல் அடி வைத்து நடந்து பையை இழுத்துக்கொண்டு போகும். பையையும் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு கொக்கிப் புரதம். மொட்டுக்குள் போனதும் கொக்கி சிதையும், பை அங்கே தங்கிவிடும்.

சந்தியாகு அந்தக் கொக்கியைச் சிதையாதபடி மாற்றிப் பார்த்தார். பை ஒழுங்காக மொட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் செல் பிரியப்போகிற நேரத்தில் மோட்டார் அடுத்த வேலைக்காகத் தாய்க்கும் மொட்டுக்கும் நடுவில் உள்ள கழுத்துக்குத் திரும்பியபோது, பையையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இதை அவர் நாலு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

இருநூறு செல்லில் காட்டினார்.

“இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?” என்றார் உமையாள்.

“சரி மேடம்.”

ஐந்நூறு செல்லில் காட்டினார். வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினார். வேறு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ஒவ்வொரு தடவையும் உமையாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்பார். பிறகு அந்தக் கேள்வி வரும். சந்தியாகுவும் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறுவார். வழிகாட்டி சொன்னதற்கு மறுவார்த்தை பேசினால் மரியாதை இல்லை என்று பழகிய மனுஷர். வயதில் சின்னவராக இருந்தால் என்ன, குரு குருதானே.

உமையாளைப் பொல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வாய்த்த வழிகாட்டி அப்படி. உமையாள் பட்டம் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பெரியவர் இன்னமும் போன் செய்து, உன் ஆய்வேட்டில் நாற்பத்திரண்டாம் பக்கத்துப் படம் எனக்குச் சரியாகப் படவில்லை என்பார். இவரும் பாத்துடறேன் சார் என்பார்.

இந்த ஏப்ரலோடு சந்தியாகுவின் பதிவு முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பிவிட்டது. ஆய்வேட்டைக் கொடுத்ததற்குச் சான்று கொண்டுவராவிட்டால் ஜூனில் கல்லூரிக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் வாயாலேயே சொல்லிவிட்டது. அச்சடித்த ஆய்வேடு தயார். சமர்ப்பிக்கும் படிவமும் தயார். அதில் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மட்டும் காலி. ஒன்றரை வருஷமாக அந்தப் படிவம் அவருடைய பையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு மூலையில் குழம்புக் கறைகூடப் பட்டுவிட்டது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. வெயிலில் நடந்து வந்தவருக்கு மூச்சு வாங்கியது. கையெழுத்து வேண்டும் என்று கேட்டுவிடுவது என பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். நாலைந்து தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“இந்த மோட்டாருக்கு அலுப்பே வராதா மேடம்?”

உமையாள் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. தன் முகமும் கண்ணாடியில் இப்படித்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்துகொண்டார்.

“வாங்க, பாப்போம்.”

மைக்ரோஸ்கோப் அறையில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. உமையாள் தானே ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தார்.

“என்னோட செல்லா மேடம்?”

“இல்ல. சாதா செல்.”

சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது. கொக்கி மாறாத சாதாரண செல்லைப் பார்ப்பது முதல் மாதம் சேர்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை. ஏழு வருஷம் கழித்துத் தன்னை முதல் வகுப்பில் உட்கார வைக்கிறாரே என்று மனம் நொந்தார். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நிமிஷத்துக்கு ஒரு படமாகத் திரையில் விழுந்தது. பை சிவப்பு, மோட்டார் பச்சை. உமையாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை மெல்ல நீண்டது. ஒரு முனை மொட்டுக்குள் நுழைந்தது.

“எங்க இருக்கு சார்?”

“மொட்டுக்குள்ள வந்துடுச்சு.”

இன்னும் சில படங்கள் போயின. பச்சைப் புள்ளி கழுத்துப் பக்கம் திரும்பியது. சிவப்பு மொட்டுக்குள்ளேயே நின்றது.

“இப்ப?”

“கொக்கி போயிடுச்சு. பை தங்கிடுச்சு.”

“கொக்கிய யாரு எடுத்தது? மோட்டாரா?”

“இல்ல மேடம். மொட்டுல ஒரு புரதம் இருக்கு. அது கொக்கியில ஒரு குறி வைக்கும். குறி விழுந்தாத்தான் கொக்கி சிதையும்.” பாடம் நடத்துகிற குரல் தானாக வந்துவிட்டது.

“அந்தப் புரதம் தாய்கிட்ட இருக்காதா?”

“தாய்ப் பக்கம் அதுக்கு வேலை இல்ல. மொட்டுலதான் அது வேலை செய்யும்.”

“சேந்தாச்சுன்னு மோட்டாருக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும் மேடம்? அதுக்கு நடக்கத்தான் தெரியும்.”

உமையாள் திரையை அணைத்தார். ஸ்லைடை எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?”

சந்தியாகுவுக்குச் ‘சரி’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏழு வருஷமாக வந்து பழகிய வார்த்தை, அதற்கு வழி தெரியும். அவர் அதை விழுங்கினார். முழங்கால் வலித்தது. ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. அதற்கும் மேலே, இந்த ஸ்டூலிலிருந்து ஒரு தடவையாவது தானாக எழுந்திருக்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

“வேண்டாம் மேடம்.”

குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவருக்கே பயமாக இருந்தது.

“வேண்டாமா?”

“போதும் மேடம். நாலு வருஷத்துக்கு முன்னாடியே இது முடிஞ்சுபோச்சு. இனிமே பாக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

உமையாள் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று சந்தியாகுவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பையைத் திறந்து, டப்பாவுக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினார். உமையாள் அதை மைக்ரோஸ்கோப் மேஜை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். குழம்புக் கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சந்தியாகு படிவத்தை வாங்கிக்கொண்டார். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை சனிக்கிழமைகள். எத்தனை பஸ்.

“இவ்வளவுதானா மேடம்?” என்றார். “போதும்னு நீங்களே சொல்லியிருக்கக் கூடாதா? நாலு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?”

உமையாள் பேனாவை மூடினார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை முடிந்த களைப்பு மட்டும் இருந்தது.

“எனக்கும் நடக்கத்தான் தெரியும் சார்.”