சத்தம் போடாத ஷாக் அப்சார்பர்

கம்பம் ஊரில் தங்கமாயன் என்பவரிடம் ஒரு பெரிய எஸ்யூவி வண்டி இருந்தது. மற்றவர்கள் ஜீப்பில் ஆளேற்றிக்கொண்டிருந்த ஊரில் அது மட்டும் யானை மாதிரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் விடுவதும், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவதும் அதன் வேலை.

வண்டியின் முன்பக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பின்பக்கம்தான் சரியில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், எழும்பி எழும்பி அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். கடைசி வரிசைப் பெண்களின் தலை கூரையில் இடிக்கும். தூக்குவாளி மூடி திறந்து குழம்பு சேலையில் கொட்டும்.

"மாயா, என் இடுப்பு தனியா வருது, நான் தனியா வர்றேன்" என்றாள் போதுமணி. அந்தக் கூட்டத்தில் மூத்தவள், எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். "இந்த வனராணிப் பிள்ளையைப் பாரு. எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டே மலை ஏறுறா. வண்டியைச் சரி பண்ணு. இல்லேன்னா நாங்க ஜீப்புக்கே போயிர்றோம்."

தங்கமாயன் அன்றே அபுதாகிரின் பட்டறைக்குப் போனார். அபுதாகிர் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னால ரெண்டு ஷாக்கும் போச்சுண்ணே. எண்ணெய் எல்லாம் ஒழுகிருச்சு" என்றான். "கம்பெனி சாமான் வேண்டாம். வெளி மார்க்கெட்ல தடியா ஒண்ணு வருது. கேஸ் அடைச்சது. மலைக்கு அதுதான் லாயக்கு."

அப்படித்தான் அந்தச் சிவப்பு ஷாக் அப்சார்பர் வந்தது. ஜோடியாகத்தான் வந்தது. ஆனால் இந்தக் கதை இடது பக்கம் மாட்டப்பட்டதைப் பற்றியது.

பழைய ஷாக்கைக் கழற்றித் தரையில் போட்டபோது புதியது அதைப் பார்த்தது. உடம்பெல்லாம் சேறும் எண்ணெயுமாகக் கிடந்தது. 'இந்த நிலைமை எனக்கு வராது' என்று அது நினைத்துக்கொண்டது. அபுதாகிர் ரப்பர் வளையமான புஷ்ஷை வைத்து போல்ட்டை முறுக்கினான். ஜாக்கி இறங்கியது. வண்டி நான்கு காலில் நின்றது.

பக்கத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருந்தது. வண்டியோடு பிறந்தது. பெயின்ட் போய்த் துரு ஏறியிருந்தது.

"வாப்பா" என்றது ஸ்பிரிங். "நல்ல நேரத்துல வந்தே."

மறுநாள் மலை ஏறியபோது வண்டிக்குள் ஒரே ஆச்சரியம்.

"ஏய், தலை இடிக்கலடி!"

"குழம்பு அப்படியே இருக்கு!"

வனராணி எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். போதுமணி முன்னால் எட்டி, "மாயா, என்னடா செஞ்சே? தொட்டில்ல போற மாதிரி இருக்கு" என்றாள்.

"புது ஷாக், அக்கா" என்றார் தங்கமாயன். "வெளிநாட்டுக்காரன் ஓட்டுற வண்டிக்கு எல்லாம் இதுதான் போடுறான்."

கீழே அது அத்தனையும் கேட்டது. ஷாக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டியா?" என்றது ஸ்பிரிங்கிடம். "இத்தனை பேரையும் நான் ஒருத்தன் தாங்குறேன்."

ஸ்பிரிங் சிரித்தது. "தாங்குறது நான்ப்பா. எனக்கு அமுங்கவும் தெரியும், எழும்பவும் தெரியும், நிக்கத்தான் தெரியாது. என்னை நிறுத்துறது உன் வேலை. அது சின்ன வேலை இல்ல. ஆனா பாரம் உன் மேல வரல."

ஷாக்குக்கு அது பிடிக்கவில்லை. பெண்கள் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

வண்டி ஆடாமல் போகிறது என்ற பேச்சு ஊரில் பரவியது. ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர்களும் வந்து கேட்டார்கள். தங்கமாயன் முதலில் யோசித்தார். பிறகு, வண்டிதான் அசையவே இல்லையே என்று ஒவ்வொருவராக ஏற்றினார். மடியில் மடியாக உட்கார்ந்தார்கள். திரும்பி வரும்போது தோட்டத்து மூட்டைகளும் ஏறின. முன்பானால் அந்தப் பாரத்துக்கு வண்டி ஆடிய ஆட்டத்தில் அவரே பயந்து இறக்கியிருப்பார். இப்போது ஆட்டமே தெரியவில்லை.

ஒரு நாள் தோட்டத்து வாசலில் வண்டி காலியாக நின்றபோது ஸ்பிரிங் மெதுவாகக் கூப்பிட்டது.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"என் கீழ்ச் சுற்றுல விரிசல் விட்டிருக்கு. முதல்ல முடி மாதிரி இருந்துச்சு. இப்போ பெருசாயிருச்சு. துருவுக்குள்ள இருக்கறதால வெளியே தெரியாது."

ஷாக் எட்டிப் பார்த்தது. ஸ்பிரிங் சொன்ன இடத்தில் துரு இரண்டாகப் பிளந்து நின்றது.

"இதை நான் எப்படிச் சொல்றது?" என்றது ஸ்பிரிங். "பாரம் ஏறிட்டா என் வாய் அமுங்கிப் போகுது. உனக்குத்தான் சத்தம் வரும். மேல் புஷ்ஷைக் கொஞ்சம் தளர்த்தி விட்டு, பள்ளத்துல டக்குன்னு ஒரு அடி அடி. மாயன் காது கூர்மையானவர். வண்டியைப் பட்டறைக்கு விடுவாரு. உன்னைப் பாக்கக் குனியிறவன் என்னையும் பாத்துருவான்."

ஷாக் பார்வையைத் திருப்பிக்கொண்டது.

"என்னப்பா?"

"சத்தம் போட்டா என்னைத்தானே சொல்லுவாங்க? வெளி மார்க்கெட் சாமான், வந்த வேகத்துல கெட்டுப் போச்சுன்னு."

"ஒரு நாள் சொல்லுவாங்க. அப்புறம் என் விரிசலைப் பாத்ததும் விஷயம் புரிஞ்சுரும்."

"பாக்காம என்னை மட்டும் கழட்டிப் போட்டுட்டா?"

ஸ்பிரிங், "மேலே ஆளுங்க உக்காந்திருக்காங்க தம்பி" என்று மட்டும் சொன்னது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றது ஷாக்.

நாளை வந்தது. பள்ளமும் வந்தது. அதே நேரம் உள்ளே யாரோ ஒரு புதுப் பெண், "நிஜமாவே தொட்டில்தான்" என்றாள். ஷாக் புஷ்ஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு போல்ட் முறுக்க வரச் சொல்லியிருந்தான் அபுதாகிர். தங்கமாயன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி போகுதுப்பா. பின்னால மட்டும் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி ஒரு நினைப்பு. என்னன்னு பாரு."

அபுதாகிர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். குனிவதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டுப் பார்த்தான். காதைச் சாய்த்துக்கொண்டான்.

"இப்போ" என்றது ஸ்பிரிங். "ஒரே ஒரு தடவை. டக்குன்னு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஷாக் மூச்சை அடக்கிக்கொண்டது. தன் உடம்பில் ஒரு அணுகூட அசையாமல் பார்த்துக்கொண்டது. அமுங்கிய வண்டி ஒரே எழும்பலில் எழுந்து நின்றது.

"சத்தமே இல்லண்ணே" என்றான் அபுதாகிர். "ஆட்டமும் இல்ல. பாரம் ஏத்துற வண்டி, ஒரு விரல் தாழத்தான் செய்யும். ஷாக் ஏ ஒன்னா இருக்கு."

டார்ச்சைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போல்ட்டுகளை முறுக்கினான். வண்டி வெளியே வந்தது.

வழியெல்லாம் ஸ்பிரிங் திட்டும் என்று ஷாக் காத்திருந்தது. திட்டியிருந்தால் ஷாக்குக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் கண்டிப்பா செய்யறேன்" என்றது ஷாக்.

"சரி" என்றது ஸ்பிரிங்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. மலையிலிருந்து வண்டி நிறைய ஆளும் மூட்டையுமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷாக் புஷ்ஷைத் தளர்த்துவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தது. இந்த வளைவு முடியட்டும், அடுத்த வளைவில் என்று தள்ளிப்போட்டது.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் தண்ணீர் நிறைந்த பள்ளம் இருந்தது. இடது பின்சக்கரம் அதில் இறங்கியது. ஸ்பிரிங் உடைந்தது.

உடைந்த முனை டயரைக் கிழித்தது. வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாகச் சரிந்து பள்ளத்தாக்குப் பக்கம் வீசியது. தங்கமாயன் ஸ்டியரிங்கை ஒடித்தார். பெண்கள் அலறினார்கள். வண்டி தடுப்புச் சுவரில் மோதி, அதை உராய்ந்துகொண்டே போய், நின்றது.

இடது மூலையில் உட்கார்ந்திருந்தவள் வனராணி. அவளை ஜன்னல் பக்கமாக இறக்க முடியவில்லை. மறுபக்கம் வழியாகத் தூக்கி இறக்கினார்கள். முன்சீட்டைப் பிடித்திருந்த வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. "காய் எடுக்குற கை, அத்தே" என்று போதுமணியிடம் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த வழியாக வந்த ஜீப் ஒன்றில் அவளையும் போதுமணியையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினார்கள். தங்கமாயன் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் அபுதாகிர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"ஸ்பிரிங் கழுத்தறுத்துருச்சுண்ணே. பாருங்க, பழைய விரிசல். சொல்லாம கொள்ளாம உடைஞ்சிருக்கு." அவன் சிவப்பு ஷாக்கைத் துணியால் துடைத்தான். "ஆனா இவன் பிடிச்சான் பாருங்க, அதுதான் விஷயம். இவன் மட்டும் இல்லேன்னா வண்டி சுவரைத் தாண்டி உருண்டிருக்கும். சிங்கம்ண்ணே."

ஷாக் எதையும் பிடிக்கவில்லை. பிடித்தது தடுப்புச் சுவர். அது ஷாக்குக்குத் தெரியும். துணி தன் மேல் படும்போதெல்லாம் அதற்குக் கூசியது. சேறு அப்படியே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

உடைந்த ஸ்பிரிங்கை இரண்டு துண்டாக எடுத்து மூலையில் இருந்த பழைய இரும்புக் குவியலில் போட்டான் அபுதாகிர். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஷாக் அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டது.

"அண்ணே."

குவியலிலிருந்து சத்தம் வந்தது. "சொல்லுப்பா."

ஷாக் பல வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தது. பயந்துட்டேன் என்று சொல்லலாம். அடுத்த வளைவில் செய்யத்தான் இருந்தேன் என்று சொல்லலாம். எதில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிங்தான் கேட்டது. "அந்தப் பிள்ளைக்குக் கை சேந்துருமா?"

"தெரியல" என்றது ஷாக்.

"தெரிஞ்சா சொல்லு" என்றது ஸ்பிரிங். மறுநாள் இரும்புக்காரன் வண்டி வந்து குவியலை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

வண்டி தயாராகிற நாளில் போதுமணி பட்டறைக்கு வந்தாள். தங்கமாயன் எழுந்து நின்றார்.

"கட்டுப் போட்டிருக்காங்க" என்றாள் அவள். "எலும்பு கூடிரும்னு சொல்றாங்க. முன்ன மாதிரி காய் எடுக்க வருமான்னு கேட்டேன். டாக்டர் அதுக்குப் பதில் சொல்லல." பிறகு, "விடு மாயா. ஸ்பிரிங் உடைஞ்சா நீ என்ன பண்ணுவே" என்றாள்.

அபுதாகிரும், "அதுதானே? யாரு கண்டா?" என்றான்.

தங்கமாயன் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கப்போகிறார் என்று கீழே இருந்து ஷாக் எதிர்பார்த்தது. அவர் இருந்தால் தனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தது.

"இல்லக்கா" என்றார் தங்கமாயன். "ஏத்தினது நான். ஆடலேன்னதும் ஆசைப்பட்டு ஏத்திட்டேன். இடது பக்கம் தாழுதுன்னு எனக்குத் தெரியும். குனிஞ்சு பாக்கலை. வனராணி வீட்டுக்கு நானே போயி இதைச் சொல்றேன். மூஞ்சியில துப்பினாலும் சரி."

போதுமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "வா, நானும் வர்றேன்" என்றாள். இருவரும் நடந்து போனார்கள்.

அவரிடமிருந்து அந்த வார்த்தைகள் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தன என்பதை ஷாக் கேட்டது. ஆனாலும் வந்துவிட்டன. தன்னிடமிருந்து ஒரு 'டக்' வரவில்லை.

அன்று மதியம் புது ஸ்பிரிங் மாட்டினார்கள். கறுப்பு பெயின்ட் பளபளத்தது. ஜாக்கி இறங்கியதும், முதன்முதலாகப் பாரம் வந்த வேகத்தில் அது 'ம்' என்று முனகியது. பிறகு பக்கத்தில் பார்த்து மரியாதையாகப் பேசியது.

"அண்ணே, உங்களைப் பத்திக் கடையிலேயே பேசிக்கிட்டாங்க. வண்டி நிறைய ஆளைக் காப்பாத்தினீங்களாமே. உங்க பக்கத்துல இடம் கிடைச்சது என் அதிர்ஷ்டம்ண்ணே."

ஷாக்குக்கு மறுபடியும் கூசியது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்ண்ணே. எனக்கு முன்னால இங்க இருந்தவரு, தனக்கு விரிசல் விட்டிருக்குன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"

வெளியே வெயில் அடித்தது. பட்டறையில் யாரும் இல்லை. சொல்லவில்லை என்று சொன்னால் மறுத்துப் பேச இனி ஆள் கிடையாது.

"சொன்னாரு" என்றது ஷாக்.

அதற்குப் பிறகு புது ஸ்பிரிங் அதை அண்ணே என்று கூப்பிடவில்லை.