கெணத்தடியில பசியோட இருந்ததுங்க

ஒரு ஊர்ல ஒரு கெணறு இருந்துச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். கிட்டப் போனா தித்திப்பா ஒரு வாசம் வரும். ம் கொட்டிக்கிட்டே கேளு கண்ணு. ஆனா அந்தக் கெணத்து மேட்டுல எறும்பு ஊராது, தவளை கத்தாது. உச்சி வெயில்ல நின்னா நம்ம மூச்சுதான் நமக்கே கேக்கும்.

பக்கத்துல முன்னாடி ஒரு இரும்புப் பட்டறை. கிரீசைக் கழுவ, குளோரின் சேந்த மருந்து ஒண்ணு வச்சிருந்தாங்க. கழுவுன மிச்சத்தைப் பின்னாடி குழியில ஊத்துவாங்க, களுக் களுக்குன்னு. அது மண்ணுக்குள்ள எறங்கி எறங்கி, கெணத்தடியில போய்ப் படுத்துக்கிச்சு. அப்புறம் பட்டறையப் பூட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்தத் தண்ணியக் குடிச்சு ஆரோக்கியம்னு ஒருத்தனுக்கு ஈரல் கெட்டு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. ஊரை விட்டுப் போன சனமெல்லாம், நீயும் வந்துடுன்னு கூப்பிட்டாங்க. பொண்டாட்டியப் பொதைச்ச எடம், நான் வரலைன்னுட்டான். அப்போ அவன் தங்கச்சி அமலி வந்தா. மண்ணுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்களப் பத்திப் படிச்சவ. பாக்டீரியான்னு சொல்லுவாங்க. அதுல சிலது அந்த மருந்தையே தின்னும்.

மொதல்ல ஒரு வகையக் கொண்டாந்து விட்டா. லபக் லபக்குன்னு தின்னுச்சுங்க. ஆனா தின்னது உள்ள போய் வேற விஷமா மாறி, உள்ளேருந்தே அதுங்களப் பொசுக்கிடுச்சு. மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒண்ணுகூட அசையல.

ம்.

அப்புறம் இன்னொரு வகை. அது சாகல. ஆனா பாதியத் தின்னுட்டு மீதியத் துப்பிடுச்சு. துப்புனது முன்னதவிடப் பொல்லாதது. தித்திப்பு வாசம் மட்டும் போயிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சு ஆரோக்கியம் சொம்ப வாய்கிட்டக் கொண்டுபோனான்.

"அண்ணே, கீழ வையி. வாசம்தான் போச்சு, விஷம் போகல."

அவன் வச்சான்.

அப்போதான் அமலிக்குத் தோணுச்சு, இத்தன வருஷமா அந்த விஷத்துக்குள்ளயே ஏதாச்சும் உசுரோட கெடக்குமோன்னு. கெணத்தடியில காத்தே போகாத கருஞ்சேத்த அள்ளிப் பாத்தா. இருந்துச்சு. தூசியவிடச் சின்னதா, கொஞ்சூண்டு. கெணத்துக்குள்ளயே வெல்லப்பாகு கரைச்சு ஊத்தி வளத்தா; பாகு தொட்டுக்கத்தான், அதுங்களுக்குச் சோறு அந்த விஷம்தான். மாசக்கணக்கா சத்தமே இல்ல. ஒரு மத்தியானம் அடியிலேருந்து குபுக்... குபுக்...

"கீழ யாரு மூச்சு விடுறா?"ன்னான் ஆரோக்கியம்.

"யாருமில்லண்ணே. சாப்பிடுதுங்க."

கடைசிச் சொட்டு வரைக்கும் தின்னுச்சுங்க. சோதிச்சுப் பாத்ததுல தண்ணி சுத்தம். அண்ணன் கண்ணும் மெல்ல வெளுத்துச்சு. அப்புறம் அந்தக் குபுக் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு நின்னு போச்சு. அதுங்களுக்கு அந்த விஷத்த விட்டா வேற சோறு கெடையாது.

ஆரோக்கியம் கெணத்தோரமா உக்காந்தே இருந்தான். கீழ எட்டிப் பாத்துக்கிட்டே கேட்டான், "பட்டறையில அந்த மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்குமா அமலி?"

அவ தலைய ஆட்டினா, வேணாம்னு.

என்ன, எல்லாமே செத்துப்போச்சான்னா கேக்குற? தெரியல கண்ணு. சிலது சேத்துக்குள்ள மூச்சடக்கிப் படுத்திருக்கும்னு அமலி சொன்னா. பசியோட, எப்போ சோறு வருமோன்னு.

கதையும் அடங்கிடுச்சு. நீயும் அடங்கி, கண்ண மூடு.