கொக்கின் கால்விரலில் குடிவந்த உப்பு

கொக்கும் கொடியும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொக்குகளெல்லாம் நம்மைப் போல இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றன. ஏரி வற்றி வேறு ஏரிக்குப் புறப்படும் நாளில் தலைவர் பெருங்கழுத்தர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். இரண்டு காலும் ஊன்றிக் காவல் நிற்க முடியாதவருக்குக் கூட்டத்தில் இடமில்லை. அதுதான் சட்டம்.

அந்தக் கூட்டத்தில் பூஞ்சிறகி என்றொரு கொக்கு. அவள் புருஷன் செவ்வலகன் நல்லவன்தான், நாக்குதான் கெட்டது. மீனவர்கள் மீன் அரிந்து கரையில் எறியும் ஈரல், சினை, குடல் ஒன்றையும் விட மாட்டான். போதாததற்குப் பனையடியில் சாய்ந்து கிடக்கும் கலயத்தில் மிச்சக் கள் வேறு. தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டான். "நாள் முழுக்கத் தண்ணியிலதானே நிக்கிறேன், அத வேற குடிக்கணுமா?" என்பான். திட்ட வாயெடுத்த பூஞ்சிறகிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு விடியலில் அவனுடைய வலது கால் பெருவிரல் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்து வீங்கியிருந்தது. மேலே ஓர் இறகு விழுந்தாலும் அலறினான். பத்து நாளில் தானாக வடிந்தது. "பாத்தியா, போயிருச்சு!" என்று மறுபடியும் ஈரலுக்குப் போனான். சில மாதத்தில் வலி திரும்பி வந்தது. வருஷம் ஏற ஏறக் கணுக்காலுக்கும் ஏறியது. விரல் முட்டில் சுண்ணாம்புக் கட்டி போல ஒன்று புடைத்தது.

ஏரி வற்றிய சமயம் பார்த்து வலி மறுபடி பிடித்தது. பூஞ்சிறகி பதறிப்போய்க் கரையில் படர்ந்திருந்த செங்காந்தளிடம் ஓடினாள். அந்தக் கொடிதான் அந்தப் பக்கத்துக்கே வைத்தியச்சி.

"அது உப்பும்மா," என்றது காந்தள். "தின்ன ஈரலும் சினையும் ரத்தத்துல உப்பாகுது. வெளிய தள்ளத் தண்ணி பத்தல. நெஞ்சுச் சூடு எட்டாத குளுந்த இடமாப் பாத்து ஊசி ஊசியா உக்காந்துடுது."

"குணமாக்குங்க ஆத்தா. நாளைக்குக் கூட்டம் கிளம்புது. அவர விட்டுட்டுப் போயிருவாங்க."

காந்தள் தன் விதையில் கடுகில் பாதி கிள்ளிக் கொடுத்தது. "இது வீக்கத்தத்தான் அடக்கும். உப்ப மெல்ல மெல்லத்தான் கரைக்கணும். தண்ணி நெறைய, மீனு கொஞ்சமா, கள்ளுக்கு முழுக்கு. காலத் தூக்கி வெச்சு ஆற விடச் சொல்லு. இன்னொன்னு, என் ஒடம்பு பூரா நஞ்சு. நான் அளந்து குடுத்தா மருந்து, நீங்களாப் பறிச்சா எமன்."

மறுநாள் காலை வலி பாதி குறைந்திருந்தது. ஆனாலும் கால் ஊன்ற முடியவில்லை. வரிசையின் கோடியில் தலைவர் வந்துகொண்டிருந்தார். செவ்வலகன் தலை குனிந்தான்.

"நீ போ புள்ள. எனக்காக நீயும் இங்க காஞ்சு சாகாத."

பூஞ்சிறகி நகரவில்லை. இந்த மனுஷனை விட்டுவிட்டு எந்த ஏரியில் என்ன மீன் பிடித்து என்ன? தன் நல்ல காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, அவனை ஒட்டி நின்றாள்.

தலைவர் நின்றார். "உனக்கென்னம்மா கேடு?"

"ஒரு கேடும் இல்லீங்க. இவர விடுறதுன்னா என்னையும் விட்டுட்டுப் போங்க."

தலைவர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாகத் தம் இடது காலைத் தூக்கினார். அவருடைய பெருவிரலும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது.

"அப்பாடா!" என்றார். "மூணு வருஷமா பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தாயி, வைத்தியம் பாக்குற காந்தள் எந்தக் கரையில இருக்கு?"

வரிசை முழுதும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு காலைத் தூக்கியது. செவ்வலகனையும் சேர்த்துக்கொண்டுதான் கூட்டம் பறந்தது.

அன்று தூக்கிய காலைத்தான் கொக்குகள் இன்னும் இறக்காமல் நிற்கின்றன. மீனுக்காகத் தவம் என்பார்கள் ஊரார். வலிக்கிறவன் தனியாக நிற்கக் கூடாதே என்றுதான் அவை அப்படி நிற்கின்றன.