லாண்டோ சொல்லாத சாக்குகள்

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒரு துறவு மடம். அங்கே லத்தீனில் கவிதை கட்ட எர்மினை மிஞ்ச ஆள் கிடையாது. பேரும் புகழும் தேடி வந்தன. மனுஷனுக்கு வேண்டியிருந்தது மட்டும் வரவில்லை. அது லாண்டோவின் பதில்.

லாண்டோவும் எர்மினும் பொடியன்களாக மடத்தில் சேர்ந்து, ஒரே வரிசையில் நின்று சங்கீதம் பாடியவர்கள். ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர் கொண்டுவருவார். மலைக்கு அந்தப்பக்கத்து மடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று லாண்டோவை அனுப்பினார்கள். போனவர் போனவர்தான். எர்மின் அனுப்பிய கவிதைகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. வழிபார்த்தே அவருக்குக் கண் பூத்துப்போயிற்று.

கடிதம் கொண்டுபோகும் உப்பு வணிகர்கள் நாளைக் காலை மலை ஏறுகிறார்கள். அதன்பின் பனி கணவாயை மூடிவிடும். வசந்தம் வரை ஈ எறும்புகூடத் தாண்டாது. லாண்டோவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று வேறு கேள்வி. எர்மின் புதிதாகக் கவிதை எழுதிய ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

குரு வால்டோ எர்மினைவிட வயதில் சின்னவர். அதனால் என்ன, குரு குருதான். முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, நீங்க லாண்டோவா இருந்து இதைக் கேளுங்க. எங்கே தட்டுதுன்னு சொல்லுங்க.”

“லாண்டோவாவா? சரி, படிங்க.” வால்டோ மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.

அந்தக் காலத்து லத்தீன் புலவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதில் போடாத நண்பனைக் கவிதையில் வம்புக்கு இழுப்பார்கள். அவன் என்னென்ன சாக்கு சொல்வானோ, அத்தனையும் இவர்களே சொல்லி, இவர்களே வெட்டியும் போடுவார்கள். அதில் எர்மின் கில்லாடி.

“ஏன் இந்த மௌனம், நண்பா?” என்று தொடங்கினார்.

வால்டோ பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“மை உறைந்தது என்பாயோ? உங்கள் மடத்தில் அடுப்பே இல்லையோ?”

வால்டோ வாயை மூடிக்கொண்டார்.

“விரல் நோகிறது என்பாயோ? ரொட்டி பிய்க்கும்போது நோகவில்லையோ?”

வால்டோ கையைத் தூக்கினார். எர்மின் நிறுத்தினால்தானே.

“கொண்டுவர ஆளில்லை என்பாயோ? உப்பு நடந்தா வருகிறது? உன்னை மறந்தேன் என்பாயோ? மறந்தவனுக்கு அது எப்படி நினைவிருக்கும்?”

வால்டோவின் கை மெல்ல மடிக்கு இறங்கிவிட்டது. கவிதை முடிந்தது.

“எப்படி சாமி?”

பதில் இல்லை.

“நல்லா இல்லையா?”

அதற்கும் இல்லை. எர்மினுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நீங்களும் இப்படி இருந்தா நான் எங்கே போவேன்? ஏதாவது சொல்லுங்களேன்.”

“லாண்டோவா கேட்கச் சொன்னீங்க, கேட்டேன். நான் சொல்ல நினைச்சதை எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க. சொன்னதை நீங்களே வெட்டியும் போட்டுட்டீங்க. இனிமே நான் என்னத்தைச் சொல்ல?”

“பழக்கம் அப்படித்தானே சாமி.”

“பழக்கம் கிடக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும்?”

எர்மின் தோலைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

“அவன் வேணும் சாமி. பாடும்போது பக்கத்துல அவன் குரல் வேணும். அந்த இடத்துல வேற ஆளை நிறுத்தியிருக்காங்க. நல்லாத்தான் பாடுறார். எனக்குத்தான் பாட்டே வர மாட்டேங்குது.”

“இது எந்த வரியில இருக்கு?”

எர்மின் மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மதியம் முழுக்கக் கத்தியால் தோலிலிருந்த எழுத்தைச் சுரண்டினார். ஊரே மெச்சியிருக்கும் வரிகள் தூளாகி மடியில் விழுந்தன. விரலும் அடுப்பும் உப்பும் போயின. ‘ஏன் இந்த மௌனம்’ என்பதையும் சுரண்டினார். அப்புறம் ஒரே வரி எழுதினார்: ‘லாண்டோ, நீ இல்லாமல் எனக்குப் பாட வரவில்லை.’ யாப்புகூடச் சரியாக அமையவில்லை.

சாயங்காலம் அதைக் குருவிடம் நீட்டினார்.

“பாதித் தோல்கூட நிறையலையே சாமி. வெட்கமா இருக்கு.”

“அந்தப் பக்கம் தோலுக்குப் பஞ்சமாம். மிச்ச இடத்துல லாண்டோ பதில் எழுதலாம். அப்படியே போகட்டும்.”

எர்மின் நகரவில்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“இதுக்கும் பதில் வரலைன்னா?”

வால்டோ கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“வரலைன்னா, அது லாண்டோவோட மௌனம். அதை நீங்க இன்னும் காது கொடுத்துக் கேட்டதே இல்லை, எர்மின்.”